எந்த அவர்

எனக்கு ஒரு எதிரி உண்டு. அவனுக்கு முகம் இல்லை, முகவரி இல்லை, உடம்பே இல்லை. இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து கடை வாசலில் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். சட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. அவனுக்கு ஒரு சட்டைகூட இருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவளைப் பற்றிச் சொல்ல அவனிடமிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறதே என்று இப்போதே வயிறு எரிகிறது.

எங்களுடையது மாடியில் இருக்கும் தையல் கடை. கீழே லாண்டரி, மேலே நாங்கள். ஒரு பெரிய கட்டிங் டேபிள், இரண்டு மிஷின், பஸ் நிறுத்தத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். வெட்டுவதும் மிஷினில் ஓட்டுவதும் நான். பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, கீழ் மடிப்பைக் கையால் தைப்பது எல்லாம் அவள். தெருவில் என்னை மாஸ்டர் என்பார்கள். அவளைக் காஜா அக்கா என்பார்கள். ஜன்னலோரம் முதுகு இல்லாத ஒரு ஸ்டூல்தான் அவள் இடம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் வீட்டிலும் நாங்கள் இரண்டு பேர்தான், கடையிலும் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருக்கும். ஒருநாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தானாகச் சிரித்தாள். அவள் சிரிப்புக்கு ஒரு முறை உண்டு. கையில் இருக்கிற ஊசியை முதலில் பத்திரமாகத் துணியில் குத்திவிடுவாள். பிறகு வாயைப் பொத்திக்கொள்வாள். பிறகுதான் தோள் குலுங்கும். தொழில்காரியின் சிரிப்பு அது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அவர் ஒண்ணு சொன்னாரு."

"எவரு?"

கடிகாரத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "அவர்தான்" என்றாள்.

நம் பெண்கள் அவர் என்றால் அது யார் என்று யாரும் கேட்பதில்லை. புருஷன்தான். கீழே லாண்டரிக்காரம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் மாடிப்படியில் என்னை மடக்கி, "என்ன மாஸ்டர், நீங்க அவ்வளவு தமாஷாப் பேசுவீங்களாமே? உங்க வீட்டம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. எங்ககிட்ட மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறீங்க" என்றார்கள். நான் வாழ்நாளில் தமாஷாக ஒரு வார்த்தை பேசியதில்லை. காலர் அளவு சொல்வேன், டெலிவரி தேதி சொல்வேன். அவ்வளவுதான் எனக்கு வரும். எவனோ பேசிய பேச்சுக்கு எனக்குப் பாராட்டு கிடைத்தது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் எப்போதும் பக்கத்திலேயே இருந்ததால் என்னை அவள் இவர் என்று கைகாட்டுவாள். "இவர் அளவெடுப்பாரு, நில்லுங்க" என்பாள் வருகிறவர்களிடம். அவர் என்ற பதவி அவனுக்குப் போய்விட்டது.

அழுத நாட்களும் உண்டு. காதைப் பொத்திக்கொண்டு, துணிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பாள். அவள் அழுதபோது எனக்குப் பயமாக இருந்தது. சிரித்தபோது எரிந்தது. எது அதிகம் என்று கேட்டால், எரிச்சல்தான் அதிகம். நான் அப்படிப்பட்டவன்தான். என்னை மாற்றிப் பிறக்க வைக்க யாராலும் முடியாது.

சட்டைக் கதை இதுதான். ஒரு காலையில் நான் கடைக்கு வரும்போது வான நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை டேபிள்மேல் மடித்து வைத்திருந்தது. அவளே வெட்டி, அவளே மிஷினில் ஓட்டி, காஜா எடுத்து, பட்டன் வைத்து முடித்திருந்தாள். அப்படி ஒரு ஆர்டர் எங்களிடம் இல்லை.

"யாருக்கு?"

"அவருக்கு."

"அளவு யாரு குடுத்தா?"

"உங்க அளவுதான் வெச்சேன். கை மட்டும் ஒரு இன்ச் கூட வெச்சிருக்கேன். அவர் உங்களவிடக் கொஞ்சம் உயரம்."

உயரமாம்! உடம்பே இல்லாதவன் என்னைவிட உயரமாம்! கத்தரிக்கோலை எடுத்தேன். அந்தச் சட்டையைத் துண்டு துண்டாக வெட்டி மிஷின் துடைக்கிற துணிப் பெட்டியில் போட்டேன். அவள் தடுக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, "கத்தாதீங்க, கத்தாதீங்க" என்றாள். நான் கத்தவே இல்லை.

அதற்கப்புறம் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். தண்ணீர்கூட அவனைக் கேட்டுத்தான் குடித்தாள். அப்போதுதான் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். மனச்சிதைவு நோய் என்றார். மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் இருக்கிறதாம், அது சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி வேலை செய்தால் இல்லாத குரல் கேட்குமாம். அதை அடக்க மாத்திரை கொடுத்தார். முதலில் கொடுத்த மாத்திரையில் அவளுக்கு இரண்டு கையும் நடுங்கின. வேறு மாத்திரை மாற்றினார், நடுக்கம் நின்றது. அவன் கொஞ்சம் கொஞ்சமாக விலகினான். "இப்ப ரொம்பத் தூரத்துல இருந்து பேசறாரு டாக்டர், என்ன சொல்றாருன்னே புரியல" என்றாள் ஒரு தடவை. அடுத்த தடவை, "வரதே இல்ல" என்றாள். அன்று நான் கடையில் விசில் அடித்துக்கொண்டே வெட்டினேன்.

வீட்டில் ஒரு சட்டமும் போட்டேன். அவனைப் பற்றிய பேச்சே எடுக்கக் கூடாது. அவளும் எடுக்கவில்லை. பல வருடங்கள் அப்படியே ஓடின. மாத்திரையைத் தவறாமல் போட்டாள். காஜா அக்கா திரும்பவும் காஜா அக்கா ஆனாள். ஒரு குறை மட்டும் எனக்கு இருந்தது. ஊசியைக் குத்திவிட்டுத் தோள் குலுங்குகிற அந்தச் சிரிப்பு எனக்காக ஒரு தடவைகூட வரவில்லை. நானும் முயற்சி செய்து பார்த்தேன். ஒருநாள் சினிமாவில் பார்த்த ஒரு வசனத்தைச் சொன்னேன். "தொண்டை சரியில்லையா?" என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

இவ்வளவும் முன்கதை. சில வருடங்களுக்கு முன்னால், எங்கள் இருவருக்கும் நரை முற்றிய பிறகு, அவன் திரும்பி வந்துவிட்டான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

சும்மா தோன்றவில்லை, அத்தாட்சி இருந்தது. ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. வேறு யாரையோ கலந்துகொண்டு சொல்கிறவளைப்போல நிதானித்துச் சொல்வாள். முகத்தில் எதுவும் இருக்காது. கோபம், சந்தோஷம், அலுப்பு ஒன்றும் தெரியாது. "அக்காவுக்கு என்மேல வருத்தமா மாஸ்டர்?" என்று வாடிக்கைக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். ஒருநாள் அயர்ன் பாக்ஸை ஒரு காலர்மேல் வைத்துவிட்டு மறந்திருக்கிறாள். கீழே லாண்டரிக்காரம்மா புகை நாற்றம் பிடித்து மேலே ஓடிவருகிறார்கள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். மூக்குகூட அவன் பேச்சில் மயங்கிவிட்டதா? தூக்கத்திலும் கத்தினாள், காலால் உதைத்தாள். எனக்கு விலாவில் இரண்டு மூன்று உதை விழுந்தது. அவனோடு சண்டை போடுகிறாள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம் யோசித்தால், உறவு இருக்கிற இடத்தில்தானே சண்டை?

எல்லாவற்றையும்விட அந்த விரல்கள்! கையால் தைக்கிறவர்கள் நூல் முனையில் முடிச்சுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆள்காட்டி விரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் தேய்த்து உருட்டித் தள்ளினால் முடிச்சு விழும். அவள் வலது கை அதைச் செய்துகொண்டே இருந்தது. நூல் இல்லாமல். டிவி பார்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, மடியில் சும்மா வைத்திருக்கும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நான் பார்ப்பது தெரிந்தால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். எனக்கா புரியாது? அடுத்த சட்டை தயாராகிறது.

நான் பேசுவதை நிறுத்தினேன். டேபிளில் இருந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை போட்டதும், "வாயைத் திற" என்பேன். திறப்பாள். "நாக்கைத் தூக்கு" என்பேன். தூக்குவாள். மாத்திரை உள்ளேதான் போயிருந்தது. மாத்திரையையும் தாண்டி வருகிறானே என்று எனக்கு இன்னும் எரிந்தது.

மனநல டாக்டரிடம் போனோம். அவர் எங்களைப் பல வருடமாகப் பார்க்கிறவர், நல்ல மனிதர். உட்காருவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன்: "திரும்ப வந்துட்டான் டாக்டர்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, அவர் பேசறாரா?"

நீண்ட நேரம் கழித்துப் பதில் வந்தது. "பேசறதே இல்ல டாக்டர். எப்பப் பார்த்தாலும் என்னையே பார்த்துட்டிருக்காரு. கைய எங்க வெச்சாலும் பார்க்கறாரு. எனக்குப் பயமா இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சொல்வதும் அந்த நோயில் உண்டு என்று முன்பே அவர் எனக்குச் சொல்லியிருந்தார். மாத்திரையின் அளவைக் கூட்டினார். வெளியே வரும்போது, முன்பு பேசிக்கொண்டிருந்தான், இப்போது பார்க்கவும் ஆரம்பித்துவிட்டானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

கூட்டிய மாத்திரை அவளைப் போட்டு அமுக்கியது. ஸ்டூலிலிருந்து எழ முடியவில்லை. கடை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவாள், பின்னாலிருந்து நான் தொட்டால்தான் அடுத்த அடி வரும். படுக்கையில் புரண்டு படுக்க என் கை வேண்டும். ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அவனால் கொக்கி மாட்ட முடியுமா? தலை வார முடியுமா? இப்போது முழுக்க என் மனைவி என்று இருந்தது.

ஒருநாள் பட்டன் வைக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, ஊசியை என்னிடம் நீட்டினாள். "இத நீங்களே வெச்சுக்கோங்க. இனிமே எனக்கு எதுக்கு?" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் இருந்தது. நான் அந்த ஊசியை வாங்கவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தார். இடது கை லேசாக வீசியது, வலது கை மடங்கியபடி அப்படியே இருந்தது. அவர் நெற்றி சுருங்கியது. "மாத்திரையால வர்ற நடுக்கம் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும். இவங்களுக்கு ஒரு பக்கம்தான் அதிகமா இருக்கு. நான் அளவக் கூட்டறதுக்கு முன்னாடியே இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்து, நரம்பு டாக்டருக்கு அனுப்பினார்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். என்னை மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும் சார்" என்றார். வாழ்க்கையில் என்னை வாயாடி என்று நினைத்த முதல் ஆள் அவர்தான். அவளை விரல்களைத் தட்டச் சொன்னார், கையை மூடித் திறக்கச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே சோப்பு வைத்தார், காப்பித்தூள் வைத்தார். இரண்டும் அவளுக்குத் தெரியவில்லை. மடியில் கிடந்த வலது கையைப் பார்த்து, "எங்க பாடத்துல இதுக்கு மாத்திரை உருட்டற நடுக்கம்னு பேரு" என்றார்.

"இது முடிச்சுப் போடறது டாக்டர்" என்றேன் மூலையிலிருந்து.

"பேசாம இருங்கன்னு சொன்னேனே சார்." பிறகு அவளிடம், "எத்தனை நாளா இருக்கும்மா?"

"ரெண்டு வருஷமா இருக்கும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"அவருக்குத் தெரிஞ்சா கோபப்படுவாரு. அதான் மறைச்சு வெச்சேன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "பாத்தீங்களா! அவன்தான் டாக்டர்! நான் சொன்னா யாரும் நம்பல!"

டாக்டர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மனநல டாக்டர் அனுப்பிய ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு யாருமே இதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எந்த அவர்?"

அவள் நடுங்குகிற கையைத் தூக்கினாள். மெதுவாக, அரை வட்டம் போட்டு, விரல் என் பக்கம் வந்து நின்றது. "இதோ நிக்கறாரே. எனக்கு வேற எந்த அவரு?"

"அப்ப, முன்னாடி காதுல பேசினவர்?"

"அவர் போய் எவ்வளவோ காலமாச்சு."

"மனநல டாக்டர்கிட்ட, என்னையே பார்த்துட்டிருக்காரு, பயமா இருக்குன்னு சொன்னீங்களாமே?"

"இவரத்தான் சொன்னேன். டேபிள்ல இருந்து பார்த்துட்டே இருப்பாரு. பேச மாட்டாரு. கை நடுங்கறது தெரிஞ்சா அவன் வந்துட்டான்னு சொல்லுவாரு, மாத்திரையக் கூட்டிருவாங்க. அப்புறம் நான் எப்படிக் காஜா எடுக்கறது?"

நான் உட்கார்ந்தேன். காலியாக இருந்த அந்தப் பதவியில் அவள் என்னை எந்த வருடம் உட்கார வைத்தாளோ, எனக்குத் தெரியாது. யாரும் தகவல் சொல்லவில்லை. இரண்டு வருடமாக நான் வயிறெரிந்தது என்னைப் பார்த்தேதான். என்னைவிட உயரமானவன் ஒருவன் என்று நினைத்துக்கொண்டு என்னையே திட்டித் தீர்த்திருக்கிறேன்.

ஒரு ஸ்கேனும் எடுத்தார்கள். பார்க்கின்சன் நோய் என்று உறுதியானது. மாத்திரையின் வேலை மட்டும் இல்லை, டோபமைனைச் செய்கிற உயிரணுக்களே உள்ளே குறைந்துகொண்டு வருகின்றன என்றார் நரம்பு டாக்டர். வாசனை தெரியாமல் போனது, தூக்கத்தில் உதைத்தது, முகம் அசையாமல் போனது, பதில் தாமதமானது எல்லாம் அதில் சேர்ந்ததுதானாம். அவனுக்கு எதிராக நான் சேர்த்து வைத்த அத்தாட்சி ஒன்றுகூட நிற்கவில்லை.

எனக்கு ஒரு கணக்கு இடித்தது. "பழைய நோய்க்கு அந்த ரசாயனம் ஜாஸ்தின்னு சொன்னாங்க. நீங்க கம்மிங்கறீங்க. ஒரே ஆளுக்கு ரெண்டும் எப்படி டாக்டர் வரும்?"

"ஒரு காலத்துல நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். அது வந்தவங்களுக்கு இது வராதுன்னு. ஆனா மனச்சிதைவு இருந்தவங்களுக்குப் பின்னாடி பார்க்கின்சன் வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட அதிகம்னு ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் வந்துராது. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல. நடுங்கினா மாத்திரைதான் காரணம்னு நெனச்சுடறோம், இல்ல பழைய நோய்னு நெனச்சுடறோம். அதனால கண்டுபிடிக்கவும் லேட்டாகுது."

பிறகு வைத்தியத்தைச் சொன்னார். டோபமைனை ஏற்றுகிற மாத்திரை இருக்கிறது. கை சரியாகும், நடை சரியாகும், முகமும் கொஞ்சம் திரும்பும். நோய் போகாது, ஆனால் வேலை செய்யலாம். "ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கணும். எதை அடக்க இத்தனை வருஷம் மாத்திரை சாப்பிட்டாங்களோ, அதைத்தான் இப்ப ஏத்தப் போறோம். பழைய குரல் திரும்ப வரலாம்."

"வேண்டாம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "எனக்குக் கை வேணும்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது எனக்குத் தாங்கவில்லை. "கை வேணுமா, அவன் வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாமதம் யாரையும் கலந்துகொள்வதற்காக இல்லை என்று தெரிந்து நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"அவர் என்ன சொல்லுவாருன்னு ஒரு நாளாவது என்கிட்டக் கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

நான் கேட்டதில்லை. கொஞ்சலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

"சிரிக்க வெச்சதெல்லாம் ஆரம்பத்துல கொஞ்ச நாள்தான். அப்புறம் பூராத் திட்டுதான். நீ எதுக்கும் லாயக்கில்ல, உன் கையால ஒண்ணும் ஆகாது, உன் புருஷன் ஒருநாள் உன்ன விட்டுட்டுப் போயிடுவான். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இதேதான். சட்டை தெச்சுக் குடுத்தாலாவது வாய மூடுவாரான்னு பார்த்தேன். நீங்க அதையும் வெட்டிட்டீங்க."

மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப கைய மடியில வெச்சுட்டு உட்கார்ந்துட்டேன்னா, அவர் சொன்னது நெசமாயிடும்ல?"

நான் குனிந்து அவள் செருப்பின் வாரை அவிழ்த்துவிட்டேன். இத்தனை வருடமும் நான் பொறாமைப்பட்ட ஆள் என் பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டிருந்தவன். அது தெரிந்ததும் பொறாமை போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. அவளைத் திட்டக்கூட அவனுக்கு அவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறதே என்று இருந்தது.

மறுநாள் போய்ச் சரி என்றேன். இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டார்கள். பழைய மாத்திரைக்குப் பதில் கையைக் கெடுக்காத வேறொன்று, புது மாத்திரை கொஞ்சத்திலும் கொஞ்சமாக ஆரம்பம். என்னிடம் நரம்பு டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். "தினமும் நீங்க கேட்கணும், குரல் வந்துச்சான்னு. வந்தா உடனே எங்களுக்குச் சொல்லணும். கோபப்படாமக் கேளுங்க சார். கோபப்பட்டீங்கன்னா மறைச்சுருவாங்க. மறைச்சா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

பாருங்கள் என் நிலைமையை. அவன் பேச்சே கூடாது என்று சட்டம் போட்டவன், தினமும் அவன் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டும்.

முதல் நாள், "அவன் வந்தானா?" என்றேன். போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோல இருந்தது எனக்கே. "இல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இல்லையை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு மரியாதை கொடுத்தால்தான் அவள் உள்ளதைச் சொல்வாள் என்று புரிந்தது. 'வந்தானா'வின் வாலை வெட்டி 'வந்தாரா' ஆக்க என் நாக்கு படாத பாடு பட்டது. கடைக் கழிப்பறையில் நின்று தனியாகச் சொல்லிப் பழகினேன். லாண்டரிக்காரம்மா ஒருநாள், "யாரு மாஸ்டர் வரணும்?" என்று கேட்டார்கள்.

கை திரும்பியது. முதலில் நடை, பிறகு கை. ஒரு காலை, ஆள்காட்டி விரலில் நூலைச் சுற்றி, கட்டைவிரலால் உருட்டித் தள்ளினாள். நிஜ நூல், நிஜ முடிச்சு. என்னிடம் தூக்கிக் காட்டினாள். பெரிய முடிச்சாக விழுந்திருந்தது, கற்றுக்கொள்கிறவர்கள் போடுவதுபோல. நல்லாயிருக்கு என்றேன். முகம் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நானும் தினமும் கேட்டேன், அவளும் தினமும் இல்லை என்றாள்.

அப்புறம் ஒரு மத்தியானம். ஜன்னலோரம் அவள் ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு துணியில் அக்குள் வளைவை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வந்தாரா?" என்றேன், வழக்கம்போல.

காத்திருந்தேன்.

"வந்தாரு" என்றாள்.

கத்தரிக்கோல் பாதி வளைவில் நின்றது. "எந்த அவர்?"

"பழையவர்."

அவள் துணியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் கொஞ்சம் மாறினால் போதும், நாளையிலிருந்து எனக்கு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். அவன் காதுக்குள் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருப்பான், இவள் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள், எனக்குத் தெரியாது. இது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் ஏறியது. சாக்பீஸை எடுத்து, ஏற்கெனவே போட்டிருந்த கோட்டின்மேலேயே இன்னொரு கோடு போட்டேன்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

அவள் யோசித்தாள், சொல்லலாமா என்று. "தூரத்துல இருந்துதான். சரியாக் கேக்கல. உங்களப் பத்தித்தான் ஏதோ. உன் புருஷனுக்கு வயசாயிடுச்சு, முடியெல்லாம் போயிடுச்சுன்னாரு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அவருக்கு மட்டும் இன்னும் இளமை ஊஞ்சலாடுதாமா? ஒருநாள் அளவெடுக்க வரச் சொல்லு. டேப்பப் போட்டுப் பார்த்தா தெரியும் தொப்பை எவ்வளவுன்னு. அன்னிக்குச் சட்டைக்குக் கை ஒரு இன்ச் கூட வெச்சியே, இப்ப இடுப்புக்குத்தான் கூட வேணும்!"

நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கோபத்தில் சொன்னேன்.

அவள் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தினாள். பத்திரமாக, மெதுவாக. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணோரத்தில் அத்தனை நாள் அசையாமல் கிடந்த சுருக்கமெல்லாம் அசைந்தது. கீழே லாண்டரிக்கு வந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

சிரிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியைத் திரும்ப எடுத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் புத்தி எங்கே போகும்?

"இப்ப நீ யாருக்குச் சிரிச்ச?"

நூலை இழுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அவருக்குத்தான்" என்றாள்.

டாக்டருக்கு போன் செய்யப் போனேன். எந்த அவர் என்று மட்டும் கேட்கவில்லை.